சீட்டைப் பார்க்குமுன் வைக்கும் இரண்டு சிப்

நான் கசினோவில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஆட்களின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். பிறந்தநாள் விழாவில், கோயில் வாசலில், இங்கே கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு முன்னால் பனி வழிக்கும்போதுகூட யாராவது கேட்பார்கள்: "அங்க என்ன வேலை பிள்ளை, கிச்சினிலையோ?" இல்லை, போக்கர் மேசையில் சீட்டுப் போடுகிறவள் என்பேன். உடனே பேச்சு காலநிலைக்குத் தாவிவிடும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவள் அல்ல. வீட்டு வாடகையைக் கொண்டுவந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் தொலைத்துவிட்டுப் போனவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த மேசையைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனால் அங்கே நான் மனதார மதித்த மனிதர்களும் இருந்தார்கள். அதில் முதல் ஆள் ஒரு அன்ரி.

அவரைப் பற்றிச் சொல்ல, விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். போக்கரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சீட்டுப் போடுமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் பந்தயம் வைக்கவேண்டும். ஒருவர் முழுத் தொகை, மற்றவர் பாதி. இந்தக் கடமை ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்த ஆளிடம் நகர்ந்துகொண்டே போகும். மற்றவர்கள் தங்கள் கைக்கு வந்த இரண்டு சீட்டையும் பார்த்துவிட்டு, பிடித்தால் காசு வைக்கலாம், பிடிக்காவிட்டால் எறிந்துவிட்டுக் கோப்பி குடிக்கலாம். இப்படி இருக்கும்போது ஒருவர், யாரும் கேட்காமல், சீட்டு வருமுன்னே, அந்த முழுத் தொகையைப்போல் இரண்டு மடங்கைத் தானாகவே முன்னுக்குத் தள்ளி வைப்பார். அதற்கு ஸ்ட்ராடில் என்று பெயர். அவர் வைத்தால் அந்த ஆட்டத்தின் விலை எல்லோருக்கும் இரட்டிப்பாகிவிடும். அவருக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, முதல் சுற்றில் கடைசியாகப் பேசலாம் என்பதுதான். எங்கள் அறையில் எந்தக் கதிரையில் இருந்தும் இதை வைக்கலாம் என்பது விதி.

கணக்குத் தெரிந்தவர்களைக் கேட்டால் சுத்த விசர் வேலை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்ன சீட்டு வரும் என்று தெரியாமல் காசை வைப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதானே. அப்படியிருந்தும் ஆட்கள் வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட இளம் பொடியள் கடைசியாகப் பேசும் சலுகைக்காக வைப்பார்கள். தோற்றுக்கொண்டிருப்பவர் விட்டதை ஒரே அடியில் பிடிக்கலாம் என்று வைப்பார். அது பார்க்கப் பாவமாக இருக்கும். வென்றவர் சந்தோசம் தாங்காமல் வைப்பார். சிலர் ராசியை மாற்ற வைப்பார்கள். இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒன்று திரும்பி வரவேண்டும். ஒன்றும் திரும்பி வராமலே ஒருவர் வைப்பார் என்பதை நான் அந்த அன்ரி வரும்வரை கண்டதில்லை.

எங்கள் பகல் மேசை அப்போது சாகக் கிடந்தது. காலை பத்து மணிக்குத் திறக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். நல்ல சீட்டு வந்தால் மட்டும் காசு வைப்பார்கள். ஒருவர் வைத்தால் மற்றவர்கள் எல்லோரும் எறிந்துவிடுவார்கள். கட்டாயக் காசை ஒருவர் அள்ளிக்கொள்வார், நான் மறுபடி சீட்டைக் கலைப்பேன். இப்படியே போகும். சலித்துப்போய் ஒருவர் எழும்புவார். ஒருவர் எழும்பினால் இன்னொருவர் எழும்புவார். நான்கு பேருக்குக் கீழே வந்தால் மேசையை மூடிவிடுவோம்.

எங்கள் மனேஜர் பொல்லாத மனுசி இல்லை, ஆனால் பூசி மெழுகத் தெரியாதவள். எங்களைக் கூப்பிட்டு, "இந்தப் பகல் மேசை இப்படியே போனால் நிறுத்திவிடுவேன். பகலில் சீட்டுப் போடும் டீலர்கள் எல்லோரும் இரவு ஷிப்டுக்கு வரவேண்டும்" என்று சொல்லிவிட்டாள். என் கணவருக்கு பேக்கரியில் இரவு வேலை, பேக்கரி தூரம் என்பதால் பள்ளிக்கூடம் விடுமுன்னே வெளிக்கிட்டுவிடுவார். மகளுக்குப் பத்து வயது. நானும் இரவுக்குப் போனால் அவள் பள்ளிக்கூடத்தால் வந்து யாருமில்லாத வீட்டைத் திறந்து, தானே சாப்பிட்டு, தானே படுக்கவேண்டும். வேறு வேலை தேடினேன். அதுவும் இரவு வேலையாகத்தான் கிடைத்தது.

அந்த நேரத்தில்தான் அன்ரி வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை. அறுபதைத் தாண்டிய வயது, மெல்லிய ஊதா நிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பெப்பர்மின்ற் மிட்டாய் வந்த சின்னத் தகர ரின் ஒன்று. அந்த ரின்னுக்குள்தான் விளையாடக் கொண்டுவந்த காசும், அதைக் கொடுத்து வாங்கிய சிப் என்ற வட்ட வில்லைகளும். உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்து, "பிள்ளை யாழ்ப்பாணமோ?" என்றார். ஆட்டம் நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம். இல்லாவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து களவு செய்கிறார்கள் என்று சந்தேகம் வரும். நான் முகத்தை இறுக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். "ஓம் பிள்ளை, இனிக் கதைக்கேல்லை" என்றார், தமிழில்.

சீட்டை எங்கள் ஊரில் கடுதாசி என்போம். அவருக்குத் தெரிந்த கடுதாசி ஆட்டம் முந்நூற்றி நான்கு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு விளையாடுவார்கள். நான்கு பேர், இரண்டு சோடி, எல்லாம் வலக்கைப் பக்கமாகச் சுற்றும். போக்கர் இடக்கைப் பக்கமாகச் சுற்றும். அன்ரிக்கு அது தெரியாது. அவருக்கு இடப்பக்கத்தில் இருந்தவர் முந்தின ஆட்டத்தில் கட்டாயக் காசு வைத்திருந்தார். முந்நூற்றி நான்கின் முறைப்படி பார்த்தால் அடுத்த முறை வலப்பக்கம் இருக்கும் தன்னுடையது என்று நினைத்துவிட்டார். நான் சீட்டைக் கலைத்து முடிக்குமுன் சிவப்புச் சிப் இரண்டை எடுத்து முன்னுக்கு வைத்தார். கட்டாயத் தொகை ஒரு சிப்தான். அவர் வைத்தது இரண்டு.

"ஸ்ட்ராடிலா மேடம்?" என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டது விளங்கவில்லை. சரியா என்று கேட்கிறேன் என்று நினைத்து, "யெஸ், யெஸ்" என்று பெரிதாகத் தலையாட்டினார். விதிப்படி நான் உரக்க அறிவித்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார். கனரக லொறி ஓட்டும் சர்தார்ஜி ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "வா, வா!" என்றார். அந்தக் கிழமையில் முதல் தடவையாக ஐந்து பேர் ஒரே ஆட்டத்துக்குக் காசு வைத்தார்கள். நடுவில் சிப் குவிந்தது. அன்ரியின் சீட்டு ஒன்றுக்கும் உதவவில்லை. அவர் தோற்றுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். வென்றவருக்காக மேசையில் இரண்டு தட்டும் தட்டினார். மேசையே சிரித்தது.

வேலை முடிந்து வந்தபோது பஸ் தரிப்பில் அவரைக் கண்டேன். காலையில் மகன் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிடுவானாம். திரும்ப பிக்கரிங்கில் உள்ள வீட்டுக்கு பஸ். நான் எதிர்த்திசை. இருவரும் ஒரே கண்ணாடிக் கூண்டுக்குள் குளிருக்கு ஒதுங்கினோம்.

"பிள்ளை, நான் வைச்சது பிழையோ?"

"பிழையில்லை அன்ரி. ஆனா உங்கட முறை இல்லை. அது வைக்கத் தேவையில்லாத காசு. அதுவும் ஏன் இரண்டு வைச்சனீங்கள்?"

"ஒண்டை வைக்கக் கஞ்சத்தனமாய்க் கிடந்தது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இனி வையாதேங்கோ அன்ரி. கடுதாசியைப் பாக்காமல் வைச்சா காசு கரைஞ்சு போயிடும்" என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன்.

"அப்ப ஏன் எல்லாரும் சிரிச்சவை? அதுக்கு முதல் டொக்ரரிட்ட வந்து இருக்கிற ஆக்கள் மாதிரியெல்லோ இருந்தவை."

அது உண்மை. அந்த உண்மைதான் என் கோபத்தைக் கிளறியது. மேசை மூடப்போகிறது, எனக்கு இரவு வேலை வரப்போகிறது, பிள்ளை தனியாக இருக்கப்போகிறாள் என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாத மனுசியிடம் ஏன் சொன்னேன் என்று தெரியாது. பஸ் வந்தது. "நான் வியாழக்கிழமை வாறன்" என்று ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வந்தார். வந்து, தன் இடத்தில் அமர்ந்து, ரின்னைத் திறந்து, என்னைப் பார்க்காமலே இரண்டு சிப்பை முன்னுக்குத் தள்ளினார். இந்த முறை தெரிந்தே வைத்தார். அதன்பிறகு செவ்வாயும் வியாழனும் மேசை ஒரு சுற்று வரும்போது ஒரு தடவை கட்டாயம் வைப்பார். வென்றால் ரின் நிறையும். தோற்றால் ரின் வெறுமையாகும். டக்கென்று மூடிவிட்டு, "சரி, நல்லாய் இருந்தது" என்று எழும்பிவிடுவார். கைப்பையைத் துழாவியதையோ வங்கி மெஷின் பக்கம் போனதையோ ஒருநாளும் நான் காணவில்லை. தன்னை வென்றவரை முறைத்ததும் இல்லை. அந்த அறையில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சீட்டுப் போடுகிற எங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு நாள் பஸ் தரிப்பில் நேராகவே கேட்டேன். "ஏன் அன்ரி வைக்கிறீங்கள்? எனக்காகவோ?"

"சும்மாதான்" என்றார். நான் விடவில்லை. பிறகு சொன்னார்: "முந்நூற்றி நாலில நாலு கடுதாசியைப் பாத்துத்தானே இவ்வளவு எடுப்பம் எண்டு கேக்கிறம்? மிச்சம் நாலும் பிறகுதானே வருது. எட்டையும் பாத்துப்போட்டுத்தான் கேப்பம் எண்டு எல்லாரும் இருந்தா ஆட்டம் எப்பிடிப் பிள்ளை துவங்கும்?"

கனடா வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடி வீட்டில், கட்டில், கதிரை என்று தளபாடம் எதுவும் இல்லாத காலத்தில், அவரும் கணவரும் பக்கத்து வீட்டுச் சோடியும் கார்ப்பெற்றில் சப்பாணி கட்டியிருந்து விளையாடுவார்களாம். கார் மோதினால் விரியும் எயார்பாக் பைகளைத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து விளையாடுவதாம். பக்கத்து வீட்டார் கல்கரிக்குப் போய்விட்டார்கள். கணவர் இறந்துவிட்டார். முந்நூற்றி நான்குக்கு நான்கு பேர் வேண்டும். இங்கே ஒரு கதிரை வெறுமையாக இருந்தால் போதும் என்று வந்தாராம். கணவரைச் சொன்ன கையோடு பஸ் பிந்துகிறது என்று திட்டத் தொடங்கிவிட்டார்.

மண்டபங்களில் பார்த்திருக்கிறோமே, சாப்பாடு திறந்து வைத்தாலும் யாரும் முதலில் சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கமாட்டார்கள். ஒருவர் எழும்பினால் பின்னால் வரிசை கட்டிவிடும். அன்ரி வைக்கத் தொடங்கியதும் அதுதான் நடந்தது. அவர் வைத்தால் அடுத்த ஆட்டத்தில் சர்தார்ஜி வைப்பார். சீனாவில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சிரித்துக்கொண்டே தானும் வைப்பார். ஒருவர் இருவர் இது தங்களுக்குக் கட்டாது என்று முணுமுணுத்து வேறு பக்கம் போனார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் எழும்பிய கதிரைக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். இந்த மேசையில் ஆட்டம் கலகலப்பு என்ற பேச்சுப் பரவியது.

ஒரே ஒருவர்தான் அசையவில்லை. பேப்பர் படிக்கும் அந்த மனிதர்தான். போர்த்துக்கலில் இருந்து வந்து வாழ்நாள் முழுவதும் கட்டடங்களுக்குக் கொங்கிறீற் போட்டவர். கை ஒவ்வொன்றும் மண்வெட்டி அகலம். எச்சில் கையால் காகம் விரட்டாத மனிதர். மேசையில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று ஸ்ட்ராடில் வைப்போம் என்று சர்தார்ஜி கேட்டால், தன் முறை வரும் நேரம் பார்த்து இவர் கழிவறைக்குப் போய்விடுவார். அன்ரி ஒருநாள் அவரைக் கேலி செய்தார், தன் உடைந்த ஆங்கிலத்தில்: "உங்கட சிப்புக்குக் குளிர் காய்ச்சலோ? வெளிய விடமாட்டியளோ?" மனிதர் சிரிக்கவில்லை. பேப்பரை இன்னும் உயர்த்தினார்.

மனேஜர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசி வியாழக்கிழமை வந்து பார்ப்பேன், அதன்பிறகுதான் பகல் மேசை இருக்குமா என்று முடிவெடுத்து அடுத்த அட்டவணையைப் போடுவேன் என்று மேசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். அதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது அன்ரி பஸ் தரிப்பில் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, என்ர முழங்கால் ஒப்பரேசனுக்கு டேற் வந்திட்டுது. நான் எவ்வளவு காலமாய்ப் பாத்துக்கொண்டிருந்த டேற். இப்பதான் வரவேணுமெண்டு கிடந்திருக்குது."

ஏதோ குற்றம் செய்தவர்போல் சொன்னார். "போங்கோ அன்ரி, முதல்ல காலைப் பாருங்கோ" என்றேன். பஸ்ஸில் ஏறி இருந்தபின் அழுதேன். காலுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் எனக்காகத்தான்.

அவர் இல்லாத மேசை மறுபடி டொக்ரரின் காத்திருப்பு அறையாகிவிட்டது. சர்தார்ஜி அமெரிக்கப் பக்கம் லொறி கொண்டு போய்விட்டார். ஸ்ட்ராடில் வைக்கச் சொல்லி ஆட்களைத் தூண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. சீட்டைக் கலைக்கலாம், போடலாம், வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

அந்த வியாழக்கிழமை மனேஜர் எனக்கு எதிரே, மேசைக்கு அப்பால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் நான்கே பேர். நான் சீட்டுப் போட்டேன். எல்லோரும் எறிந்தார்கள். மறுபடி போட்டேன். மறுபடி எறிந்தார்கள். சீன ஆசிரியை சிப்புகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். வீட்டுக்குப் போகும் ஆயத்தம். அவர் எழும்பினால் மூன்று பேர், மேசை முடிந்தது. என் கண் அன்ரியின் வெறும் கதிரைக்குப் போனது. மகளின் முகம்தான் முன்னுக்கு வந்தது. வீட்டுத் திறப்பை ஒரு நூலில் கட்டி அவள் கழுத்தில் போடவேண்டும் என்றுகூட யோசித்துவிட்டேன்.

கொங்கிறீற்காரர் பேப்பரை மடித்தார். மடித்துக் கதிரைக்குக் கீழே வைத்தார். மனேஜரைப் பார்த்தார், ஆசிரியையின் தட்டைப் பார்த்தார், அன்ரியின் கதிரையைப் பார்த்தார். பிறகு தன் அடுக்கில் இருந்து இரண்டு சிவப்புச் சிப்பை எடுத்தார். எடுத்த கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. கல்லில் நார் உரிப்பதுபோல இருந்தது பார்க்க. கடைசியில் முன்னுக்குத் தள்ளினார்.

நான் நம்பவில்லை. "ஸ்ட்ராடிலா சேர்?" என்று கேட்டேன்.

"உனக்குக் கண் தெரியாதா?" என்று உறுமினார்.

நான் அறிவித்தேன். ஆசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களா?" என்று அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான்கு பேரும் காசு வைத்து ஆட்டத்துக்குள் வந்தார்கள். சீட்டைத் திருப்பிக் காட்டியபோது அவர் கையில் இருந்தவை ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது. தோற்றார். ஆசிரியை வென்றார். அடுத்த ஆட்டத்தில் ஆசிரியை வைத்தார். அதற்கு அடுத்ததில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் வைத்தார். பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர், என்ன சத்தம் என்று பார்க்க வந்து, உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் கூட இல்லை, தேர் நகர்ந்தது. மனேஜர் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு கையை அவிழ்த்துவிட்டுப் போனாள்.

அரை மணிக்கு ஒருமுறை டீலர் மாறுவோம். என் நேரம் முடிந்து, அடுத்த டீலருக்கு இடம் விட்டு எழும்பினேன். கையில் சிப் எதையும் ஒளிக்கவில்லை என்று வழக்கம்போல் இரண்டு கையையும் தட்டி விரித்துக் காட்டிவிட்டு அவருடைய கதிரையைக் கடந்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "இரவில் எனக்குக் கார் ஓட்ட ஏலாது. கண் கூசும்" என்றார். மறுபடி பேப்பரை எடுத்துவிட்டார்.

அடுத்த அட்டவணையில் பகல் மேசை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த மனிதர் அதன்பிறகு இன்றுவரை ஒரு ஸ்ட்ராடிலும் வைத்ததில்லை. தன் முறைக்குக் கழிவறைக்குப் போவதையும் விடவில்லை.

அன்ரி குளிர் விட்டபின் ஊன்றுகோலோடு வந்தார். முதல் ஆட்டத்திலேயே இரண்டு சிப்பைத் தள்ளினார். அவர் இல்லாதபோது மேசையில் நடந்ததை எல்லாம் அன்று பஸ் தரிப்பில் வைத்துச் சொன்னேன். அவர் இடைக்கிடை "ஓமோ, ஓமோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கடுதாசி வந்ததாம் அவருக்கு?"

"ஏழும் இரண்டும்."

"தோத்தவரோ?"

"ஓம் அன்ரி."

"சிரிச்சவரோ?"

"எங்கை! முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டிருந்தவர்."

"சிரிக்காமலே வைச்சவரோ?" என்றார். "அப்ப என்னை விடப் பெரிய ஆள்தான். எனக்குச் சிரிப்பு வரும், அதால வைக்கிறன். அந்த மனுசனுக்கு நோகும். நோக நோக வைச்சிருக்குது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய பஸ் வந்தது. ஊன்றுகோலை முதலில் வைத்து, காலைப் பிறகு வைத்து, மெல்ல ஏறிப் போனார்.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது பள்ளிக்கூட பஸ் வந்திருக்கவில்லை. உள்ளே போக மனம் வரவில்லை. அன்ரியும் அந்தக் கொங்கிறீற்காரரும் என் மகளை ஒருநாளும் கண்டதில்லை, அவளும் அவர்களைக் காணப்போவதில்லை. ஆனால் அவள் வரும் நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்பதற்குச் சீட்டைப் பார்க்காமல் காசு வைத்தவர்கள் அவர்கள். கதவைத் திறந்துவிட்டு வாசல்படியில் நின்றேன். பஸ் வந்து நின்றது. மகள் முதுகுப் பையை இழுத்துக்கொண்டு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, ஏன் குளிருக்குள்ள வெளிய நிக்கிறீங்கள்?"

"சும்மாதான்" என்றேன்.